நாலு சுழி

புதன் ராத்திரி பெட்டியின் சாவி என்னிடம்.
கம்பெனியில் நாள் முழுக்க
பனியனை விளக்குக்கு மேலே விரித்துக்
கறை தேடுகிற கண்
இங்கே வந்து எழுத்துக் கூட்டும்.

மங்கலம் ரோட்டுச் சபையில்
விண்ணப்பப் பெட்டி என்பது பிஸ்கட் டின்,
மூடியில் கீறல் போட்டது.
பில் தாளின் பின்புறம், பஸ் டிக்கெட்,
பீஸ் கணக்கு எழுதும் அட்டை,
எதில் வேண்டுமானாலும் எழுதிப் போடுவார்கள்.
வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்
நான் வாசிக்க, சபை ஆமென் சொல்லும்.

பிழை திருத்தமாட்டேன்.
வயிற்றுக் கட்டி ‘கறைய’ வேண்டும் என்று வந்தால்
அப்படியே வாசிப்பேன்.
வாய்க்கு வந்தபின் எந்த ‘ற’ என்று
யாருக்குத் தெரியப்போகிறது.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு வந்தன.
பாய்லர் பார்க்கும் யோவேல்:
சீல் வைத்த சாயப்பட்டறை திறக்க வேண்டும்,
பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.
அணைக்குக் கீழே நாலு ஏக்கர் வைத்திருக்கும்
சம்பூரணத்தக்கா:
ஒரு பட்டறைகூடத் திறக்கக் கூடாது,
கிணத்துத் தண்ணியில எருமை வாய் வைக்க மாட்டேங்குது ஆண்டவரே.

எதைங்க வாசிக்கட்டும் என்று போதகரைக் கேட்டேன்.
செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:
“ரெண்டையும் வாசிம்மா.
கேக்கறது நம்ம வேலை.
கேக்கறது அவரு வேலை.”

யோவேலுக்குச் சொன்ன ஆமென் ஓயுமுன்
அக்காவுக்கு ஆமென்.
இவர் ஆமென் அவருக்கும்
அவர் ஆமென் இவருக்கும் இருந்ததா
என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

ஜார்க்கண்டுப் பையன் ஒருத்தன், ஓவர்லாக் ஓட்டுகிறவன்,
வாராவாரம் ஒரு சீட்டுப் போடுகிறான்.
கொடி கட்டித் துணி காயப்போட்டது போல
கோட்டில் தொங்குகிற எழுத்து.
எனக்கும் தெரியாது, போதகருக்கும் தெரியாது.
இரண்டு கையால் தூக்கிப் பிடிப்பேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
ஆமென்.
ஒருமுறை தலைகீழாய்ப் பிடித்துவிட்டேன்.
சிரித்தான்.
அடுத்த வாரமும் போட்டான்.

இந்த வாரம் நாலாவது சீட்டு
எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.
மூணு சுழி ‘ண’வுக்கு நாலு சுழி போடுகிறவர்
ஒருத்தர்தான். என் மாமியார்.
பதினோரு வருஷமாய் எங்களுக்கு ஒரே உலை.
என் மகன் துரைசிங்கம் எங்கிருந்தாலும்
குடியை விட்டு வீடு வந்து சேர வேண்டும்.
இடம் மிச்சமிருந்ததால், அடியில் பொடியாக:
மருமகள் கண்ணுக்குக் கண்ணாடி.

அவர் போய் ஐந்து வருஷம்.
நான் எழுதாமல் கேட்டுவருவது ஒன்று உண்டு.
தட்டுக் கழுவும்போது, பஸ் கம்பியில் தொங்கும்போது,
படுக்கையில், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.
வர வேண்டாம் ஆண்டவரே.
எங்கேயோ நல்லா இருக்கட்டும், இங்கே வர வேண்டாம்.
அந்த ‘நல்லா இருக்கட்டும்’
வந்து சேரவே மூன்று வருஷம் ஆனது.

ஒரு சீட்டு தொலைந்துபோவது பெரிய விஷயமில்லை.
டின்னுக்குள் ஒட்டிக்கொள்ளும். காற்றில் போகும்.
இரண்டு நாள் அது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது,
வியர்வையில் ஓரம் நைந்து.

வெள்ளிக்கிழமை வாசித்தேன்.
கண்ணாடி வரைக்கும் வாசித்தேன்.
சபை சொன்னது.
நானும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்,
எனக்கே கேட்கவில்லை.

திரும்பும்போது நொய்யல் பாலத்தில்
அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
“சத்தமாத்தான் படிச்செ. நல்லாக் கேட்டுது.”
லாரி ஒன்று போகும்வரை நின்றோம்.
“ராத்திரி நீ சொவத்துக்குச் சொல்றதும்
கேக்குது அம்மிணி.
ரொம்ப நாளாவே.”

கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
பட்டறையைத் திறந்துவிட்டார்களா இல்லையா,
இருட்டில் நிறம் தெரியவில்லை.
முழங்கையில் அந்தக் கை
இருந்த இடத்திலேயே இருந்தது.